முன்சக்கரத்துக்கு எண்ணெய்க் குளியல்

போன வாரம் தென்காசி பஜாரில் போய்க்கொண்டிருந்தபோது என் வண்டியின் முன்சக்கரம் கீச்சென்றது. வாங்கி நாலு மாதம்கூட ஆகாத மின்சார ஸ்கூட்டர். அதுவரை ஒரு சத்தம் கிடையாது. தெருவில் மேய்கிற கோழிகூட மதித்து விலகாது. அப்படிப்பட்ட வண்டி திடீரென்று கீச்ச், கீச்ச் என்றால் மற்றவர்களுக்குப் பயம் வரும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வண்டியை ஓரங்கட்டி, ஹேண்டில்பாரில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் நிறுத்தி, "என்னக்கா, தல சுத்துதா? சோடா வாங்கட்டா?" என்று கேட்டார். இல்லை தம்பி, சும்மாதான் என்றேன். சும்மா சிரிக்கிற பொம்பளையை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அவர் போய்விட்டார்.

கீச்சுச் சத்தம் கேட்டால் எனக்கு எண்ணெய் வாடை அடிக்கும். காதுக்கும் மூக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஆனால் நேராகச் சொல்ல வராது, கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். சத்தமும் அப்படித்தான் சுற்றி வந்தது.

அப்போது தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வீடு அச்சன்புதூரில். காலை ஆறரைக்கெல்லாம் ஆட்கள் வெறும் வயிற்றோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். சர்க்கரை பார்க்க வந்தவர்களைக் காக்கவைத்தால் அவர்கள் பேச்சில் துளிச் சர்க்கரை இருக்காது. காலை பஸ்ஸை நம்பினால் நான் ஏழு மணிக்குத்தான் போய்ச் சேர முடியும். பஸ்ஸில் இன்னொரு தொல்லையும் உண்டு. கண்டக்டர் என் அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம். நான் யார் பக்கத்தில் உட்கார்ந்தேன், என்ன பேசினேன், எங்கே முறுக்கு வாங்கித் தின்றேன் என்கிற விவரமெல்லாம் எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிடும். அதனால்தான் வீரகேரளம்புதூரில் ஒரு டீச்சரிடமிருந்து பழைய ஸ்கூட்டர் ஒன்றை வாங்கினேன். செல்ஃப் ஸ்டார்ட் செத்துப்போன வண்டி, கிக்கரை உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். இருந்தாலும் என் வண்டி. இலத்தூர் தாண்டி வயல்காற்று முகத்தில் அடிக்கும்போது, இந்த உலகத்தில் என்னைக் கேட்க ஆளில்லை என்று தோன்றும் பாருங்கள், அந்த இருபது நிமிஷத்துக்காகவே நான் வேலைக்குப் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஆனி மாதம், குற்றாலத்தில் சீசன் தொடங்கின நேரம், முன்சக்கரம் கத்த ஆரம்பித்தது.

இங்கே அப்பாவைச் சொல்லியாக வேண்டும். அப்பா சர்வீஸ் முழுக்க போலீஸ் ஜீப் ஓட்டி ரிட்டையர் ஆனவர். இரு சக்கர வண்டியை அவர் வண்டியாகவே மதித்ததில்லை, "பாதி வண்டி" என்பார். ஆனாலும் அந்தப் பாதி வண்டியைத் தினமும் விடியற்காலையில் வாசலில் நிறுத்தி, ஹோஸ் பைப்பால் கழுவித் துடைத்துத்தான் என் கையில் கொடுப்பார். ஜீப்பைக் கழுவாமல் வெளியே எடுத்ததாகச் சரித்திரமே கிடையாதாம். தன் பழைய விசிலையும் என் சாவிக்கொத்தில் கோத்துவிட்டிருந்தார். "பொட்டப்புள்ள தனியாப் போற. எதுக்கும் இருக்கட்டும்." நான் ரத்தம் எடுக்கப் போகிறேனா, திருடன் பிடிக்கப் போகிறேனா என்று எனக்கே சில நாள் சந்தேகம் வரும்.

முதல் நாள் கீச்சென்றதும் அப்பா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார், நிஜமாகவே செக்போஸ்ட்டில் நிறுத்துவதுபோல. குத்தவைத்து உட்கார்ந்து, காதைச் சக்கரத்துக்குக் கொடுத்து, "தள்ளு" என்றார். தள்ளினேன். "பின்னால இழு" என்றார். இழுத்தேன். கீச்ச்.

"ஏட்டி, சக்கரம் பேசுது. கேக்கத் தெரியணும். மூணு வகையாக் கத்தும். காஞ்சு கத்துதது, தேஞ்சு கத்துதது, பயந்து கத்துதது."

"இது எந்த வகைப்பா?"

"பேசாம இரி. கேக்குதேம்லா."

எங்கள் நிலையத்தில் ஒரு ஆளுக்குத் தும்மல் என்றால்கூட ரத்தம் எடுத்து, குலுக்கி, சுற்றவிட்டு, தாளில் அச்சடித்துக் கொடுத்தால்தான் டாக்டர் ஒரு மாத்திரை எழுதுவார். அப்பாவுக்கு அந்த வழக்கமெல்லாம் இல்லை. நேரே வைத்தியம்தான். முதல் நாள் காற்றைக் குறைத்தார். இரண்டாம் நாள் கூட்டினார். மூன்றாம் நாள் முன்பக்கம் இருந்த என் டிபன் வாளிப் பையைப் பின்னால் மாற்றினார். அம்மா தன் பங்குக்கு மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். வீடு முழுக்க இருமினோம். சக்கரம் மட்டும் இருமவில்லை, கீச்சென்றுதான் சொன்னது.

ஒரு வாரம் போனதும் அப்பாவின் முகம் மாறிவிட்டது. எப்போதோ புளியரைப் பக்கம் போகும்போது முன்னால் போன ஜீப் ஒன்றின் சக்கரம் தனியாகக் கழன்று ஓடியதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். சக்கரம் முதலில் போய், ஜீப் பின்னால் போனதாம். சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொல்வார். இந்த முறை சிரிக்கவில்லை.

"ஆடி பொறக்கதுக்குள்ள சத்தம் நிக்கணும். நிக்கலேன்னா வண்டி ஆலங்குளத்துக்குப் போயிரும். நீ பஸ்ஸுல போ."

ஆலங்குளத்தில் சித்தப்பா இருந்தார். தோட்டத்திலிருந்து தக்காளிக் கூடை ஏற்ற ஒரு பழைய வண்டி வேண்டும் என்று ரொம்ப நாளாக அப்பாவை அரித்துக்கொண்டிருந்தார். ஆடியில் வண்டி கைமாறக் கூடாது, அதனால் அதற்கு முன்னால் என்று கெடு. எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்டக்டரின் முகம் கண்முன் வந்து வந்து போனது. என் வண்டியில் தக்காளி உட்கார்ந்து போவதையும் நினைத்துப் பார்த்தேன். அழுகையே வந்துவிட்டது, உங்களிடம் சொல்வதற்கென்ன.

அப்பாவுக்குத் தெரியாமல் மெக்கானிக்கிடம் போனேன். தென்காசியில் எங்கள் நிலையத்துக்கு அடுத்த சந்தில் சேர்மக்கனி அண்ணாச்சி கடை வைத்திருந்தார். அப்பாவுக்கு மெக்கானிக் என்றாலே ஆகாது. சத்தம் என்று போனால் எஞ்சினைப் பிரித்துப்போடுவார்கள் என்பார். அண்ணாச்சி வண்டியை எடுத்துக்கொண்டு சந்துக்குள் இரண்டு சுற்றுப் போனார். சத்தமே இல்லை. நான் ஓட்டிக் காட்டினேன். ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. பச்சைப் பிள்ளைபோல் சிரித்துக்கொண்டு உருண்டது அந்தச் சவம்.

"எங்கனம்மா சத்தம்?"

"அச்சன்புதூர்ல கத்துச்சு அண்ணாச்சி. இலத்தூர் வரைக்கும் கத்துச்சு."

"அப்போ இலத்தூர்ல எறங்கிட்டுபோல" என்றார் அண்ணாச்சி. கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். காய்ச்சல் என்று வந்து, எங்களிடம் வந்ததும் உடம்பு குளிர்ந்துபோய் அசடு வழிய நிற்பவர்களைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். அந்தப் பாவம்தான் இது. அதன் பிறகு அந்த மாதிரி ஆட்களைக் கண்டால் நான் சிரிப்பதில்லை.

கெடுவுக்கு முந்தின சனிக்கிழமை அப்பா புதிதாக ஒரு முடிவுக்கு வந்தார். பின்பிரேக் இறுக்கமாகப் பின்னால் இழுக்கிறது, முன்சக்கரம் முன்னால் போகப் பார்க்கிறது, அந்த இழுபறியில்தான் அது கத்துகிறது என்று கண்டுபிடித்து, பின்பிரேக் நட்டைத் தளர்த்திவிட்டார். நான் பிடித்துப் பார்த்தேன். லீவர் கைப்பிடியைத் தொட்டுவிட்டது, பிரேக் பிடிக்கவில்லை.

"அப்பா, பின்னால பிடிக்கவே இல்லையே."

"முன்னால இருக்குல்லா. ஒண்ணு போதும். ஜீப்புக்கு என்ன, ரெண்டா இருக்கு?"

ஜீப்பைச் சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு இல்லை.

மறுநாள் ஞாயிறு. ஆடிக்கு முந்தின கடைசி ஞாயிறு. அப்பாவுக்கு ஒவ்வொரு சீசனிலும் ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்து ஒரு குளியல் போட்டாக வேண்டும். "வண்டியை மெதுவா ஓட்டிக்கிட்டே சத்தத்தையும் பாத்துருவம்" என்று என்னைப் பின்னால் உட்காரவைத்துக் கிளம்பினார். காலையில் வழக்கம்போல வண்டிக்குக் குளியல் முடிந்திருந்தது. குற்றாலம் நெருங்க நெருங்கச் சாரல். இரண்டு பேர் பாரம் வேறு. ஐந்தருவி போய்ச் சேரும்வரை வண்டி கத்திய கத்தலுக்கு, முன்னால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்து விலகி வழிவிட்டார்கள். அப்பாவுக்கு மானம் போயிற்று. அந்தச் சத்தம்தான் எங்களுக்கு ஹாரன் என்பது அப்போது இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

எண்ணெய் தேய்க்கிறவர் அப்பாவை ஒரு கல்லில் உட்காரவைத்து, முதுகில் பாதி பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டத் தொடங்கினார். கடைசியில் முட்டிக்கு வந்தார். அப்பாவின் காலை நீட்டி மடக்கினார். முட்டி கடக்கென்றது.

"எண்ணெ போகாத எடந்தான் சார் கத்தும்" என்றார் அவர். "ஒரு கை எண்ணெ ஊறிட்டுன்னா, அது பாட்டுக்குப் பேசாம கெடக்கும்."

கொஞ்சம் தள்ளி மரத்தடியில் வண்டியோடு நின்றிருந்த நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் முட்டியைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி வண்டியைப் பார்த்தார்.

மிச்ச எண்ணெய்ப் பாட்டிலை வாங்கிக்கொண்டு, இடுப்பில் ஈரிழைத் துண்டோடு, உடம்பெல்லாம் பளபளக்க அப்பா வந்தார். சக்கரத்தின் நடுவில், பிரேக் தட்டு சேர்கிற இடுக்கில் பாட்டிலை வாகாகச் சாய்த்தார். மூலிகை எண்ணெய் குளுக் குளுக்கென்று உள்ளே இறங்கியது. ஒரு சுற்று உருட்டினார். இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

"எனக்கும் அரமணி ஊறணும். அதுவும் ஊறட்டும்" என்று சொல்லிவிட்டு அருவிக்குப் போனார்.

நான் ஏன் தடுக்கவில்லை என்று கேட்பீர்கள். எனக்கு அப்போது பிரேக்கைப் பற்றி என்ன தெரியும்? கதவு கிரீச்சிட்டால் எண்ணெய் விடுகிறோம், தையல் மெஷினுக்கு விடுகிறோம். சீசனில் குற்றாலத்துக்கு வருகிற ஊர்ப்பட்ட ஜனமும் பித்தம், மூட்டுவலி, தூக்கமின்மை, கோபம் எல்லாவற்றுக்கும் அதே எண்ணெயைத்தான் தேய்த்துக்கொண்டு போகிறது. சக்கரம் மட்டும் என்ன பாவம் செய்தது என்றுதான் எனக்கும் தோன்றியது.

குளித்துவிட்டு வந்து உருட்டிப் பார்த்தார். சத்தமில்லை. இன்னொரு முறை. இல்லை. அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பதக்கம் வாங்கினவர்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார். எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. வண்டி பிழைத்தது, ஆலங்குளத்துத் தக்காளி வேறு வண்டி பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

ஐந்தருவியிலிருந்து கீழே வருகிற ரோடு இறக்கம். அப்பா எஞ்சினை அணைத்துவிட்டார். எஞ்சின் சத்தம் இல்லாவிட்டால்தான் சக்கரம் பேசுவது கேட்கும் என்றார். போதாததற்குச் சாவிக்கொத்து கிலுகிலுவென்று இடைஞ்சல் செய்கிறதாம். சாவியையும் உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நாங்கள் இறங்கினோம். காற்று மட்டும்தான். உண்மையிலேயே சுகமாக இருந்தது.

"கேக்கா?" என்றார் அப்பா.

"கேக்கலப்பா."

"பாத்தியா? எண்ணெதான்."

முதல் வளைவு வந்தது. அப்பா முன்பிரேக்கைப் பிடித்தார். வண்டி அதைக் கேட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. மறுபடி பிடித்தார். பின்பிரேக்கை நேற்று அவரே தளர்த்திவிட்டார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. அவர் முதுகு விறைத்ததை வைத்தே எனக்குத் தெரிந்தது.

"அப்பா, நிறுத்துங்க."

"நிறுத்திக்கிட்டுத்தாம்மா இருக்கேன்" என்றார்.

ஹாரனை அழுத்தினார். சாவி பையில் இருந்தால் ஹாரன் எப்படி அடிக்கும்? முன்னால் ரோடு முழுக்க ஈரத் தலையோடு ஜனங்கள். ஒருத்தருக்கும் எங்கள் வருகை கேட்கவில்லை. காலையில் கத்திக் கத்தி வழி வாங்கிக் கொடுத்த சக்கரம் இப்போது எண்ணெயில் ஊறி நிம்மதியாக உருண்டுகொண்டிருந்தது. இரண்டு காலையும் ரோட்டில் தேய்த்துப் பார்த்தார். செருப்பு ஒன்று கழன்று பின்னால் போயிற்று. அப்புறம்தான் சட்டைப்பையில் கையை விட்டு, சாவிக்கொத்தை எடுத்து, விசிலை வாயில் வைத்தார்.

அந்த விசில் சத்தத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. ஐந்தருவி ரோடே இரண்டாகப் பிரிந்தது. யாரோ மந்திரி குளித்துவிட்டு வருகிறார் என்று ஜனங்கள் இரு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள். ஒரு பெரியவர் கும்பிடக்கூடச் செய்தார். நடுவில் நாங்கள், ஒற்றைச் செருப்போடு, எண்ணெய் மணக்க, விசிலடித்துக்கொண்டு போனோம். நான் அப்பாவின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தெரிந்த சாமி பெயரெல்லாம் சொன்னேன். இலஞ்சி முருகனைத்தான் அதிகம் கூப்பிட்டேன், பக்கத்து ஊர்க்காரர் என்பதால்.

இறக்கம் தணிகிற இடத்தில் துண்டு விற்கிற கடை ஒன்று. கயிறு கட்டி வரிசை வரிசையாகத் துண்டுகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். வண்டி தானாகவே மெதுவாகி, அந்தத் துண்டுகளுக்குள் நுழைந்து, கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது. எங்களுக்கு ஒரு கீறல் இல்லை. தலைமேல் ஆளுக்கு நாலைந்து துண்டுகள். கடைக்காரர் ஓடிவந்து, ஒரு துண்டை விலக்கி அப்பாவின் மீசையைப் பார்த்தார். விசிலையும் பார்த்தார்.

"ஐயா எந்த ஸ்டேஷன்?" என்றார் பயந்துபோய்.

அப்பா துண்டுக்குள்ளிருந்தே, "துண்டு என்ன வெல?" என்று கேட்டார்.

இரண்டு வாங்கிக்கொண்டோம். வேறு என்ன செய்வது?

அங்கிருந்து தென்காசிவரை வண்டியை உருட்டிக்கொண்டே போனோம். நான் உதட்டைக் கடித்துக்கொண்டே வந்தேன். வாயைத் திறந்தால் சிரித்துவிடுவேன், சிரித்தால் வண்டி ஆலங்குளத்துக்குப் போய்விடும் என்று பயம். சேர்மக்கனி அண்ணாச்சியின் கடை வாசலுக்கு அப்பா தானாகவே திரும்பியபோது நிலைமை எவ்வளவு மோசம் என்று எனக்குப் புரிந்தது.

அண்ணாச்சி முன்சக்கரத்தைக் கழற்றினார். உள்ளேயிருந்து எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கி, கடையே குற்றாலமாக மணத்தது. அவர் விரலில் தொட்டு மோந்து பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டார்.

"அண்ணாச்சி, பிரேக்குக்கா எண்ணெ தேச்சுவிட்டிய?"

அப்பா எதிர்ச்சுவரில் இருந்த காலண்டரைப் படித்தார்.

அண்ணாச்சி எல்லாவற்றையும் பெட்ரோலில் கழுவித் துடைத்து, பிரேக் கட்டையை மாற்றி, பின்பிரேக் நட்டையும் இறுக்கினார். டிரம்மின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். செம்மண் நிறத்தில் துரு.

"சத்தம் எண்ணெ இல்லாம வரல. தண்ணியால வந்துருக்கு. உள்ள தண்ணி நின்னு துருவேறி, பிரேக் கட்டையில ஒரசிக் கத்திருக்கு. இவ்வளவு தூரம் ஓடி வந்தா காஞ்சிரும்லா, அதான் இங்கன வந்தா சத்தம் இல்ல. மழையில நின்னாக்கூட இவ்வளவு ஏறாதே. யாரு இதத் தெனமும் சக்கரத்துக்குள்ள தண்ணி அடிச்சுக் குளுப்பாட்டுதது?"

நான் அப்பாவைப் பார்த்தேன். காலண்டரில் அவர் அடுத்த மாதத்துக்குப் போயிருந்தார்.

திரும்பும்போது நான் ஓட்டினேன், அவர் பின்னால். இலத்தூர் தாண்டியதும் என் தோளைத் தொட்டார்.

"ஏட்டி. வீட்டுல ஒண்ணும் சொல்லாத."

"ஆலங்குளம்பா?"

வயல் ஓரமாக இரண்டு கொக்குகள் நின்றதைக்கூட நான் எண்ணிவிட்டேன்.

"சத்தங்காட்டாம நீயே வச்சிக்கோ" என்றார்.

எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். பேசாமல் இரு என்பதற்கும், காதும் காதும் வைத்ததுபோல் இரு என்பதற்கும், போனால் போகிறது விடு என்பதற்கும் அந்த ஒரு சொல்தான். அன்றைக்கு அது வண்டிக்கும் சேர்த்துச் சொன்னது. நானும் சொன்ன சொல் தவறவில்லை. அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. அந்த இரண்டு துண்டும் சீசன் தள்ளுபடியில் வாங்கியது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த வண்டி என்னிடம் எட்டு வருஷம் ஓடியது. கல்யாணமாகித் தென்காசிக்கு வந்த பிறகும் ஓடியது. அப்புறம் ஒருநாள் இரும்புக் கடைக்குப் போயிற்று. சேர்மக்கனி அண்ணாச்சியின் கடையில் இப்போது செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறார்கள். இப்போதைய வண்டியில் சத்தம் வந்தால் கம்பெனி சர்வீஸுக்குப் போனில் பதிவு செய்ய வேண்டும். சத்தத்தைப் பதிவுசெய்து அனுப்பச் சொல்கிறார்கள். போன வாரம் நான் அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டியை நேரே அச்சன்புதூருக்கு ஓட்டினேன். அப்பா கேட்டால் குஷியாகிவிடுவார் என்று நினைத்தேன். வழியெல்லாம் கீச்ச், கீச்ச்.

தெருமுனையிலேயே டிவி சத்தம் கேட்டது. அப்பாவுக்குக் காது இரண்டு வருஷமாக மந்தம். மெஷின் வாங்கிக் கொடுத்தோம். பீரோவில் இருக்கிறது. "அது கீச்சுங்குது" என்று சொல்லிக் கழற்றி வைத்துவிட்டார். வாழ்க்கையில் கடைசியாக அவர் கண்டுபிடித்த பழுது அதுதான்.

விஷயத்தைச் சைகையும் கூச்சலுமாகச் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. வாசலுக்கு வந்தார். இப்போது குத்தவைக்க முடியாது, அம்மா பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுவந்து போட்டாள். உட்கார்ந்து, காதைச் சக்கரத்துக்குக் கொடுத்து, கையை உயர்த்தி, "தள்ளு" என்றார்.

தள்ளினேன். கீச்ச். எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றது.

"பின்னால இழு."

இழுத்தேன். கீச்ச். அம்மா என்னைப் பார்த்தாள்.

அப்பா இன்னும் கொஞ்ச நேரம் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு, பழைய மாதிரியே, ரொம்பக் கவனமாகக் கேட்டார். பிறகு நிமிர்ந்து, சக்கரத்தைத் தட்டிக்கொடுத்தார்.

"ஒண்ணுமே இல்லையேம்மா. நல்லாத்தான இருக்கு. ஒருவேள வழியில நின்னுருக்கும்."

அவர் காதருகில் குனிந்து, "ஆமாப்பா, இலத்தூர்ல எறங்கிட்டுபோல" என்று கத்தினேன். அது அவருக்குக் கேட்டது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"எதுக்கும் ஒரு தடவ கழுவி விட்டுருதேன்" என்று ஹோஸ் பைப்பை எடுத்தார். குறி தப்பவில்லை. முன்சக்கரத்தின் நடுவில், அந்த இடுக்கிலேயே நேராகத் தண்ணீரைப் பாய்ச்சினார். நான் பக்கத்தில் துண்டை வைத்துக்கொண்டு சத்தங்காட்டாமல் நின்றேன்.